உப்பு மெதுவாக ஏறட்டும்

என் கணவர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தார். நோய் அன்றுதான் முதல்முறையாக என் கண்ணில் பட்டது.

பஸ்ஸில் போகிற எல்லோரும் கம்பியைப் பிடிக்கத்தானே செய்வார்கள், இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அவர் கண்டக்டர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில், எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்க்கிறார். பெயர் ஏழுமலை. வண்டி எப்படிக் குலுங்கினாலும் அவருடைய இரண்டு கைகளும் டிக்கெட்டிலும் பையிலும்தான் இருக்கும். இடுப்பை ஏதாவது ஒரு சீட்டின் ஓரத்தில் சாய்த்துக்கொண்டு, கால்களைக் கொஞ்சம் அகட்டி வைத்து, டிரைவர் பிரேக்கை மிதிப்பதற்கு முன்பே உடம்பைப் பின்னால் வாங்கிக்கொள்வார். வீட்டில் பல் தேய்க்கும்போதுகூட அப்படித்தான் நிற்பார். "வீடு ஓடலைங்க, நேரா நில்லுங்க" என்று நான் கிண்டல் செய்வதுண்டு.

ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வளவனூரில் இருக்கும் என் நாத்தனாரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று திண்டிவனத்தில் அவர் பஸ்ஸிலேயே ஏறினேன். விழுப்புரத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். கூட்டேரிப்பட்டு தாண்டி, என் சீட்டுப் பக்கம் வந்தவரின் இடது கை மேலே போய்க் கம்பியைப் பற்றியது. வண்டி நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் பிடித்த பிடியில் விரல் முட்டியெல்லாம் வெளுத்துவிட்டது.

"இன்னாங்க, தல சுத்துதா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. வெயிலு. பழகிடும்."

பழகிடும் என்ற சொல்லை எங்கள் வீட்டில் நாங்கள் எல்லாவற்றுக்கும் போட்டுக்கொள்வோம். தகரக் கூரையின் சூடு பழகிடும். எஞ்சின் சத்தம் பழகிடும். அவருக்கு உண்மையிலேயே எல்லாம் பழகித்தான் இருந்தது. அதனால்தான் நோய் வந்து உட்கார்ந்ததே எங்களுக்குத் தெரியவில்லை.

இனி நான் சொல்லப்போவது உங்களில் யாருக்காவது உதவினால் போதும் என்றுதான் எழுதுகிறேன். ஏனென்றால் எங்களைப் படுக்கவைத்தது இன்னொரு சொல். அந்தச் சொல் உங்கள் வீட்டிலும் இருக்கிறது.

அதற்கு முந்தைய அக்னி வெயிலில், டிரைவர் கண்டக்டர்களுக்கு பஸ் ஸ்டாண்டில் மருத்துவ முகாம் போட்டு ரத்தம் எடுத்தார்கள். முடிவைச் சொன்னவர், "உங்களுக்கு உப்பு கொஞ்சம் கூட இருக்கு. தண்ணி நல்லா குடிங்க. ஒரு டாக்டரைப் போய்ப் பாருங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். கிரியாட்டினின் (தசைகள் வேலை செய்வதால் உண்டாகிச் சிறுநீரகம் வெளியே தள்ளும் கழிவு) கூடினால் அதற்கு நம் பேச்சில் பெயர் 'உப்பு'. யூரியா கூடினாலும் 'உப்பு'தான். சாம்பாரில் போடுவதற்கும் அதே பெயர்தான்.

அவர் சொன்னது கிரியாட்டினின். எங்கள் காதில் விழுந்தது சாம்பார் உப்பு. டாக்டரைப் பாருங்கள் என்றது காதிலேயே விழவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். உப்பு என்பது என் கைக்குள் இருக்கிற சங்கதி. வீட்டில் ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். ஊறுகாய் ஜாடி பக்கத்து வீட்டுக்குப் போனது. கருவாடு, அப்பளம், வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலை) எல்லாவற்றுக்கும் தடை. அவருக்கு மட்டும் தனியாக வைத்தால் மனுஷன் மனசு உடைந்துபோவார் என்று நானும் அதையே சாப்பிட்டேன். தண்ணீர் குடித்தால் உப்பு கழுவிக்கொண்டு போய்விடும் என்று பெரிய பாட்டில் இரண்டு கொடுத்துவிட்டு, சாயங்காலம் காலியாக வந்ததா என்று தூக்கிப் பார்ப்பேன். ஏற்கெனவே அவர் பிபிக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிறுநீரை நிறையப் போகவைத்து பிபியைக் குறைக்கிற மாத்திரை அது. அதையும் ஒரு வேளை தவறவிடாமல் கொடுத்தேன்.

எல்லாம் சேர்ந்து என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது. அதற்காகத் தலையில் அடித்துக்கொள்ள மாட்டேன். என்னைத் திட்டுகிறவர்கள் முதலில் இந்த ஊரில் இரண்டு உப்புக்கும் வேறு வேறு பெயர் வைத்துவிட்டு வரட்டும்.

முதல் வாரம் சோறு தொண்டையில் இறங்கவில்லை. பிறகு நாக்கு பழகிவிட்டது. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வந்து, "செல்வி, இன்னைக்கி சாம்பாருல உப்பே இல்லையே, புள்ளைங்க அப்படியே வச்சிடுச்சுங்க" என்றார். நான் ருசி பார்த்துத்தான் இறக்கியிருந்தேன். எனக்குச் சரியாகத்தான் இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. அவருடைய காக்கிச் சட்டை முதுகில் முன்பெல்லாம் வெள்ளைக் கோடு கோடாக உப்பு பூத்திருக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் போகும். அந்தக் கோடு மெல்லக் குறைந்து ஒருநாள் காணாமலே போனது. வியர்வை குறையவில்லை, சட்டை நனைந்துதான் வந்தது. காய்ந்தால் கோடு மட்டும் இல்லை. 'அப்பாடா, உடம்புல இருந்த உப்பெல்லாம் போயிடுச்சு' என்று நான் சந்தோஷப்பட்டேன். சட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்து அவரிடமே காட்டினேன்.

அதன் பிறகு சின்னச் சின்னதாக வந்தது. பசி இல்லை என்பார். தலை கனக்கிறது என்பார். டிக்கெட் வாங்கியவரிடமே மறுபடி டிக்கெட் கேட்டு ஏச்சு வாங்கினார். எல்லாவற்றுக்கும் வெயில் என்று பெயர் வைத்தோம்.

கம்பியைப் பிடித்த அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பஸ் விழுப்புரம் ஸ்டாண்டுக்குள் நுழைந்தது. எல்லோரும் இறங்க எழுந்தார்கள். அவர் படியில் நின்றுகொண்டு, "திண்டிவனம், திண்டிவனம் எறங்கு" என்று கூவினார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மறுபடியும் அதையே கூவினார். நான் அவர் கையைப் பிடித்து, "இது விழுப்புரங்க" என்றேன். என்னை யாரோ பயணியைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "சில்லற வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார்.

நான் டிரைவரைக் கத்திக் கூப்பிட்டேன். டிரைவர் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, ஆட்டோவில் ஏற்றி எங்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

பக்கவாதமாக இருக்குமோ என்று தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. ரத்தத்தில்தான் இருந்தது. சோடியம் (சமையல் உப்பில் இருக்கும் சத்து, நரம்பும் மூளையும் வேலை செய்ய அது வேண்டும்) சாதாரணமாக நூற்று முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். அவருக்கு நூற்றுப் பத்துக்கும் கீழே போயிருந்தது.

இளவயது டாக்டரம்மா ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டார். அவருக்கே நம்பிக்கை வரவில்லை. "இவரு நடந்தா வந்தாரு?" என்று கேட்டார்.

"இன்னைக்கி காலையிலகூட பஸ்ஸுல டிக்கெட் போட்டுக்கினு இருந்தாரும்மா" என்றேன்.

"ஒரே நாள்ல இவ்ளோ எறங்கியிருந்தா வலிப்பு வந்து, உசுருக்கே ஆபத்தாயிருக்கும். இது மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா எறங்கியிருக்கு. அதான் மூளை பழகிக்கிச்சு."

அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்டதும் எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. ஆனாலும் அதை நல்ல சேதியாக எடுத்துக்கொண்டு, "அப்போ உப்ப ஏத்திட்டா சரியாப் போயிடும் இல்லம்மா?" என்று கேட்டேன்.

"அதுலதான் பயமே. வேகமா ஏத்தக் கூடாது."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வகையில் எழுதுகிறேன். ரத்தத்தில் உப்பு குறைந்தால் மூளையின் செல்களுக்குள் தண்ணீர் ஏறி அவை வீங்கும். மண்டை ஓட்டுக்குள் வீங்க இடம் ஏது? அதனால் அந்தச் செல்கள் தம்மிடம் இருக்கும் சத்துகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளிவிட்டு, வீக்கத்தைக் குறைத்துக்கொண்டு, இல்லாமையிலேயே வாழப் பழகிவிடும். அந்த நிலையில் திடீரென்று உப்பை ஏற்றினால் தண்ணீர் மொத்தமும் வெளியே ஓடி, செல்கள் சுருங்கிவிடும். உப்பில் போட்ட மாங்காய் சுருங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் நரம்பின் மேலுறை கெட்டுவிட்டால் பேச்சு குழறும், விழுங்க முடியாது, கை கால் வராமலே போய்விடலாம். அதுவும் உடனே தெரியாது. சில நாள் கழித்துத்தான் தெரியும்.

வெயிலில் பழகிய உடம்பு வியர்வையில் உப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்றும் அவர் சொன்னார். சாப்பாட்டில் உப்பு நின்றதும் இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கும். சட்டையில் கோடு மறைந்தது அதனால்தான். அந்த உடம்பு இருப்பதை விடாமல் காப்பாற்றப் பாடுபட்டிருக்கிறது. நான் அதைக் கொடியில் போட்டுக் கொண்டாடியிருக்கிறேன்.

மாத்திரையை நிறுத்தினார்கள். சொட்டுச் சொட்டாக ஒரு பாட்டில் ஏறியது. அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

சேதி கேட்டு நாத்தனார் காசியம்மா வளவனூரிலிருந்து வந்து சேர்ந்தார். தம்பி என்றால் அவருக்கு உயிர். கூடவே ஒரு அடுக்கு டிபன் கேரியர் வந்தது. தயிர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய், பொரித்த மோர்மிளகாய். மூடியைத் திறந்ததுமே உப்பு வாசனை வார்டு முழுக்க அடித்தது.

"அக்கா, இத இப்ப குடுக்கக் கூடாது" என்றேன்.

"உப்பு இல்லாமதான இப்படிக் கெடக்கறான்? நீ சோத்துல போடாம கெடுத்த. நான் வந்து போடறேன், அதுவும் வேணாங்கற?"

"வேகமா ஏறுனா வாய் பேச வராமப் பூடும்னு டாக்டரு சொல்றாங்க அக்கா."

"எவடி இவ, பேஜாரு புடிச்சவளா இருக்கறா! அந்த பாட்டிலப் பாரு, அழுவற மாதிரி ஒண்ணு ஒண்ணா வுடுது. ஜல்தியா ஏத்தச் சொல்லு, ஊட்டுக்குக் கூப்டுக்கினு போலாம்" என்று சொல்லிக்கொண்டே பாட்டில் குழாயின் திருகில் கையை வைத்தார்.

நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கேரியரை மூடி என் மடியில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் என் கணவருக்கு நினைவு தெளிந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. சிறுநீர் நிறையப் போனது, பை நிரம்ப நிரம்ப மாற்றினார்கள். நாத்தனாருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, மூத்தரம் என்னமா போவுது. கெட்டதெல்லாம் எறங்குது" என்று மயிலம் முருகனுக்குக் கும்பிடு போட்டார். நானும்தான் மனசுக்குள் போட்டேன்.

டாக்டரம்மா வந்தார். பையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"எப்பத்துல இருந்து இவ்ளோ போவுது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ரத்தம் எடுக்கச் சொன்னார். நாங்கள் நல்லது என்று நினைத்ததுதான் கெடுதல். இதுவரை தண்ணீரைப் பிடித்துவைத்திருந்த உடம்பு, ஆபத்து தீர்ந்தது என்று நினைத்து ஒரேயடியாக அதைத் திறந்துவிட்டிருக்கிறது. தண்ணீர் போகப் போக ரத்தத்தில் உப்பு தானாகவே விறுவிறுவென்று ஏறிவிட்டது. அவர்கள் வைத்திருந்த அளவைத் தாண்டிவிட்டது.

உடனே பாட்டிலை மாற்றினார்கள். சிறுநீரைக் குறைக்க ஒரு ஊசி போட்டார்கள். ஏறிய உப்பைக் கொஞ்சம் இறக்குகிறோம் என்றார்கள். நாத்தனார் என்னைப் பார்த்தார். இந்த முறை சண்டை போடவில்லை. "இன்னாடி இது, ஏத்தறாங்க, எறக்கறாங்க" என்று மட்டும் மெல்லச் சொன்னார். அவர் குரலில் இருந்த பயம் என்னையும் தொற்றிக்கொண்டது.

"பேச்சைக் கவனிச்சுக்கினே இருங்க" என்றார் டாக்டரம்மா. "குழறுனாலோ, தண்ணி குடிக்கறப்போ பொரை ஏறுனாலோ ஒடனே சொல்லுங்க. ஒரு வாரம் தாண்டணும்."

அந்த நாட்களைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நோயாளி கண் திறக்காமல் கிடந்தால் பயப்படுவது எல்லோருக்கும் தெரியும். எழுந்து உட்கார்ந்து, காப்பி கேட்டு, பக்கத்துக் கட்டில்காரரிடம் எந்த ஊர் என்று விசாரிக்கிற மனுஷனைப் பார்த்துப் பயப்படுவது வேறு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "நல்லாயிட்டாரே, வீட்டுக்குப் போலாமே" என்றார்கள். அவர் கொட்டாவி விட்டால்கூடக் கிட்டே போய்க் குனிந்து பார்ப்பேன். தண்ணீர் குடித்தால் தொண்டை ஏறி இறங்குவதையே பார்ப்பேன். நாக்கு தடித்துவிட்டதா, இல்லை தூக்கக் கலக்கமா? உங்களுக்கும் இப்படி ஒரு காலம் வந்தால் பயப்படுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த முகத்தை நோயாளியிடம் காட்டாதீர்கள். என்னால் அது முடியவில்லை.

பேச்சை எப்படிச் சோதிப்பது? பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்டால் சிரிப்பார். அதனால் காலையும் மாலையும் அவரை ஸ்டாப்பு கூவச் சொன்னேன். ஆயுசெல்லாம் கூவின பெயர்கள். அதில் ஒரு எழுத்து தடுமாறினாலும் என் காது கண்டுபிடித்துவிடும்.

"முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம்! ஏறு ஏறு ஏறு" என்று படுத்துக்கொண்டே கூவுவார். வார்டே சிரிக்கும். பக்கத்துக் கட்டில்காரர், "அண்ணே, திண்டிவனத்துக்கு ஒண்ணு" என்பார். நான் மட்டும் சிரிக்காமல் ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டிருப்பேன். 'விக்கிரவாண்டி'யில் அந்த 'க்கி' சுத்தமாக வருகிறதா? 'கூட்டேரிப்பட்டு'க்கு நாக்கு மடிகிறதா?

டாக்டரம்மா சொன்ன வாரம் முடியப்போகும் நேரம். சாயங்காலம் காப்பி வாங்கிவந்து வைத்துவிட்டு, "சொல்லுங்க" என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, குரலை ஏற்றாமல், "முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி... திண்டிவனம்" என்றார்.

கூட்டேரிப்பட்டு வரவில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, திண்டிவனம்."

எழுந்த வேகத்தில் டம்ளரைத் தட்டிவிட்டேன், காப்பி புடவையில் கொட்டியது. "அக்கா, டாக்டர கூப்புடுங்க" என்று கத்தியேவிட்டேன். நாத்தனார் தடதடவென்று ஓடினார். நான் அவர் தாடையைப் பிடித்துத் திருப்பி, "கூட்டேரிப்பட்டு சொல்லுங்க, கூட்டேரிப்பட்டு சொல்லுங்க" என்று கெஞ்சினேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்கு இப்படிக் கத்திக்கினு இருக்க செல்வி? இது எக்ஸ்பிரஸ்ஸு. கூட்டேரிப்பட்டுல நிக்காது."

டாக்டரம்மா ஓடிவந்து நின்றபோது நான் என் கணவரை முதுகில் அடித்துக்கொண்டிருந்தேன். அடித்துக்கொண்டே அழுதேன். நாத்தனார், "அடியேய், நோயாளிடி" என்று என் கையைப் பிடித்தார். டாக்டரம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, அவரை நாக்கை நீட்டச் சொல்லி, கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

வீட்டுக்கு வரும்போது அவருக்கு வேறு பிபி மாத்திரை. கிரியாட்டினின் அளவாகவே இருந்தது. அக்னி வெயிலில் உடம்பு வற்றிக் கிடந்தபோது எடுத்ததால் அன்றைக்குக் கொஞ்சம் ஏறியிருக்கும் என்றார்கள். உப்பு அளவோடு போடலாம், தண்ணீர் தாகத்துக்கு ஏற்றபடி போதும். யாராவது 'உப்பு' என்றால் எந்த உப்பு என்று கேளுங்கள் என்று டாக்டரம்மா கடைசியாகச் சொன்னார். உங்களுக்கும் நான் அதையேதான் சொல்கிறேன்.

முதல் நாள் அளவான உப்புப் போட்டு வைத்த குழம்பு எங்கள் இருவருக்கும் கரித்தது. நாக்கு திரும்பிவர நாளானது. கால்களுக்கு இன்னும் நாளானது. பஸ்ஸில் நிற்பதை அவர் மறுபடி ஆரம்பத்திலிருந்து பழகினார்.

பழகிடுச்சு என்று இப்போது யாராவது சொன்னால் எனக்குப் பயம் வந்துவிடுகிறது. உடம்பு எதற்கும் பழகிக்கொள்ளும். தன்னைக் கொல்கிற ஒன்றுக்குக்கூடச் சத்தமில்லாமல் பழகிக்கொண்டு, காலையில் எழுந்து வேலைக்குப் போகும். என் முழங்கால் வலியை இரண்டு வருஷமாகப் பழகிடுச்சு என்றுதான் சொல்லிவந்தேன். போன வாரம் போய்க் காட்டினேன்.

மாசியில் ஒருநாள் துவைக்க எடுத்த காக்கிச் சட்டையின் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. பிரஷை எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டேன். சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டு, விழுப்புரத்தில் அவர் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் ஜன்னலோரம். அவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தார். அது இனி அப்படித்தான் போலிருக்கிறது. முண்டியம்பாக்கம் வந்தது, கூவினார். விக்கிரவாண்டி வந்தது, கூவினார்.

அதற்குப் பிறகு வரும் அந்த ரோடு, எத்தனையோ முறை நான் தூங்கிக்கொண்டே கடந்த ரோடு, அன்று போய்க்கொண்டே இருந்தது. புளியமரம், பெட்ரோல் பங்கு, கரும்பு வண்டி எல்லாம் மெதுவாக வந்து மெதுவாகப் போயின. வண்டி கூட்டேரிப்பட்டில் வேகம் குறைந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. நின்றேவிட்டது. அப்போதும் பேசவில்லை. இறங்க வேண்டியவர்கள் மூட்டையோடு எழுந்து அவரையே பார்த்தார்கள். நான் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அவர் திரும்பி என்னை நேராகப் பார்த்தார். கண்ணில் சிரிப்பு இருந்தது.

"கூட்டேரிப்பட்டு எறங்கு!" என்று பஸ் அதிரக் கூவினார்.

பாவி மனுஷன். நான் உட்கார்ந்துகொண்டேன்.